கையெழுத்துக்கு முன்னும் பின்னும்



பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் நகரத்தில், ஓர் ஆற்றின் பெயரையே தன் பெயராகக் கொண்ட இடம் சுங்கை பினாங். அங்கே அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கும் நம்மவர்களைக் கேட்டுப் பாருங்கள். பலருடைய பூர்வீகம் அக்கரையில் இருக்கும். செபராங் பிறையிலோ கெடாவிலோ ஏதோ ஒரு தோட்டத்தில் தாத்தா பால் வெட்டியிருப்பார். பாட்டி புல் வெட்டியிருப்பார். தோட்டத்தை விட்டு வந்தாலும் உறவு விட்டுப்போவதில்லை. தோட்டத்தில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள் என்றால், ஃபெரியில் அக்கரை கடந்து அவர்கள் வந்து இறங்குவது சுங்கை பினாங்கில் இருக்கும் சித்தி வீட்டில்தான், மாமா வீட்டில்தான்.

இன்று நான் பேசப்போவது அப்படி வந்து இறங்கும் ஒரு குடும்பத்தைப் பற்றி. இது குறிப்பிட்ட ஒருவருடைய கதை அன்று. பல குடும்பங்களுக்கு நேரக்கூடியதை ஒரே குடும்பத்துக்கு நேர்ந்ததாக வைத்துச் சொல்கிறேன். ஆனால் இதில் வரும் மருத்துவ ஆய்வும் அதன் கணக்கும் உண்மையானவை.

2005ஆம் ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். ஏழு வயதுப் பெண்பிள்ளை. அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார். பிள்ளைக்குப் பத்து நாளாகக் காய்ச்சல். விட்டு விட்டு வருகிறது. முகம் வெளுத்துப்போயிற்று. கால் எலும்பு வலிக்கிறது என்று இரவில் அழுகிறாள். எங்கும் இடித்துக்கொள்ளாமலே தொடையில் நீலநீலமாகக் கன்றிப்போயிருக்கிறது. பல் துலக்கினால் ஈறில் இரத்தம். தாய்மார்களே, இந்த அடையாளங்களைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் இவை சேர்ந்து வந்தால், மருந்துக்கடை மாத்திரையோடு நின்றுவிடக் கூடாது. இரத்தப் பரிசோதனை வேண்டும்.

அந்தப் பிள்ளைக்கும் பரிசோதனை நடந்தது. இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகமாகக் காணப்படுவது இதுதான். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் இரத்தத்தின் உயிரணுக்கள் பிறக்கின்றன. அங்கே முதிராத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுகின்றன. அதனால்தான் வெளுப்பு, காய்ச்சல், இரத்தக் கசிவு எல்லாம்.

மருத்துவர் விளக்கிச் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னார். "கோலாலம்பூரில் இந்த நோய்க்கு ஒரு சிகிச்சை ஆய்வு நடக்கிறது. நீங்கள் விரும்பினால் அங்கே எழுதிக் கொடுக்கிறேன். குடும்பத்தோடு பேசிவிட்டுச் சொல்லுங்கள்."

அன்றிரவு சுங்கை பினாங்கில் சித்தி வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பாட்டிதான் முதலில் வாய் திறந்தார். "ஆய்வு என்றால் என்னம்மா? என் பேத்தியை எலி மாதிரி வைத்துப் பார்க்கப்போகிறார்களா?" அப்பா பேசவில்லை. ஒரு நாள் பெரட்டுக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் இல்லை என்பதை அவர் எண்ணிக்கொண்டிருந்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டாக்டர் எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறாரோ அங்கே போட்டுவிடுகிறேன்" என்றார். சித்திதான் சொன்னாள்: "பயந்துகொண்டு வேண்டாம் என்பதும் தப்பு, அக்கா. பயந்துகொண்டு சரி என்பதும் தப்பு. கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய்வோம்."

நேயர்களே, பாட்டியின் கேள்வியை நாம் அலட்சியமாகத் தள்ளக் கூடாது. அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வோம்.

மருந்து எதுவும் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. இன்று இந்த நோய்க்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மருந்துகள், முன்பு வேறு பிள்ளைகளுக்கு ஆய்வாகக் கொடுத்துப் பார்க்கப்பட்டவைதான். 1948 வரை இந்த நோய் வந்த பிள்ளைகள் சில மாதங்களில் இறந்துபோனார்கள். அந்த ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், 16 பிள்ளைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்ததைப் பற்றி எழுதினார். 10 பேருக்கு நோய் தணிந்தது. ஆனால் தற்காலிகமாகத்தான். நோய் திரும்பி வந்தது. இருந்தாலும், இந்த நோயை மருந்தால் பின்வாங்கச் செய்ய முடியும் என்று உலகம் அறிந்துகொண்டது அன்றுதான்.

அந்த மருந்தைச் செய்துகொடுத்த ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை வகித்தவர் யார் தெரியுமா? எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவர் அமெரிக்கா போவதற்கு மாமனார் வீட்டாரும் ஓர் அறநிலையமும் பணம் கொடுத்து உதவினார்கள். அவரும் குடும்பத்தின் கைத்தாங்கலோடு கடல் கடந்தவர்தான். அவருடைய குழு உருவாக்கிய மெத்தோடிரெக்சேட் என்ற மருந்து இன்றும் இந்த நோய்க்குக் கொடுக்கப்படுகிறது. அவர் 1948லேயே மறைந்துவிட்டார். தாம் விதைத்ததன் முழு விளைச்சலை அவர் பார்க்கவில்லை.

சரி, கோலாலம்பூரில் நடந்த ஆய்வு எப்படிப்பட்டது? அதன் பெயர் மா-ஸ்போர் 2003. மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து நடத்தியது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், சுபாங் ஜெயாவில் ஒரு தனியார் மருத்துவமனை, சிங்கப்பூரில் இரண்டு மருத்துவமனைகள் என்று நான்கு இடங்களில், 2002க்கும் 2011க்கும் இடையே 556 பிள்ளைகள் அதில் சேர்ந்தார்கள்.

ஆய்வு என்றதும், இதுவரை யாரும் சாப்பிடாத கடுமையான மருந்தைக் கொடுப்பார்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இந்த ஆய்வு கேட்ட கேள்வி அதற்கு நேர்மாறானது. நோய் சீக்கிரம் அடங்கிவிட்ட பிள்ளைகளுக்கு, மருந்தைக் குறைத்துக் கொடுத்தால் போதுமா என்பதே கேள்வி. ஏனென்றால் புற்றுநோய் மருந்து நோயையும் தாக்கும்; உடம்பையும் வருத்தும். மருந்தின் கடுமையாலேயே சில பிள்ளைகளை இழக்க நேரிடுகிறது. தேவைக்கு மேல் ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது. தேவையான இடத்தில் ஒரு சொட்டும் குறையக் கூடாது. அதை எப்படி அறிவது?

வயலில் களை எடுக்கிறோம். மேலே பார்த்தால் சுத்தமாக இருக்கிறது. ஆனால் மண்ணுக்குள் எத்தனை வேர் மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியுமா? அதைப்போல, சிகிச்சை தொடங்கி 33ஆம் நாளில் மஜ்ஜையைக் கொஞ்சம் எடுத்து, மிச்சமிருக்கும் நோயணுக்களை நுட்பமாக எண்ணினார்கள். பத்தாயிரம் அணுக்களில் ஒன்றே ஒன்று நோயணு என்றாலும் கண்டுபிடித்துவிடும் முறை அது. 12ஆம் வாரத்தில் மறுபடியும் எண்ணினார்கள். மிச்சம் இல்லாத பிள்ளைகளுக்கு மருந்தைக் குறைத்தார்கள். மிச்சம் அதிகமிருந்தவர்களுக்குக் கூட்டினார்கள்.

விளைவு 2012இல் வெளியாயிற்று. நூற்றுக்கு ஏறத்தாழ 88 பிள்ளைகள் ஆறு ஆண்டுக் கணக்கில் உயிரோடு இருந்தார்கள். மருந்து குறைக்கப்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 93 பேர் நோய் திரும்பாமலும் வேறு கேடு நேராமலும் இருந்தார்கள். குறைத்ததால் கெட்டுவிடவில்லை. ஆனால் ஆபத்து மிகுந்த பிரிவில் இருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 52 பேரே அந்த நிலையை அடைந்தார்கள். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆய்வில் சேர்ந்துவிட்டால் பிழைத்துவிடுவோம் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. அப்படி உறுதி கொடுக்கிறவரை நம்பாதீர்கள்.

இப்போது அந்தக் குடும்பத்திடம் திரும்புவோம். அவர்கள் பட்டர்வொர்த்தில் விரைவுப் பேருந்து ஏறி, கோலாலம்பூர் போய்ச் சேர்ந்தார்கள். அம்மாவும் பிள்ளையும் போனார்கள். துணைக்குச் சித்தி போனாள். அங்கே மருத்துவர் சில தாள்களைக் கொடுத்தார். சம்மதப் படிவம். இந்தத் தாளைப் பற்றி இன்றைக்கும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு.

ஆய்வு நடத்துகிறவர்கள் நினைத்தபடி நடத்திவிட முடியாது. ஒழுக்கநெறிக் குழு ஒன்று முதலில் ஆய்வைப் பரிசீலித்து அனுமதி கொடுக்க வேண்டும். பிறகு, சேருகிறவரின் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்காகப் பெற்றோர் கையெழுத்திடுவார்கள். விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால் பிள்ளையிடமும் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க, முழுவதையும் வாசித்துச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கைநாட்டு. படிக்கத் தெரியாது என்று வெட்கப்பட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். தமிழில் சொல்லுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

என்னென்ன கேட்கலாம்? சித்தி ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டு போனாள். இந்த ஆய்வு எதைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறது? சேராவிட்டால் என் பிள்ளைக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? சேர்ந்தால் என்ன கூடுதல், என்ன குறைவு? என்ன தொல்லைகள் வரலாம்? எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதை மருத்துவர் தீர்மானிக்கிறாரா, சீட்டுக் குலுக்குவதுபோல முடிவாகிறதா? எத்தனை முறை வர வேண்டும்? போக்குவரத்துச் செலவுக்கு உதவி உண்டா? இராத்திரியில் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது? நடுவில் விலக நினைத்தால் விலகலாமா?

கடைசிக் கேள்விக்குப் பதில் எந்த ஆய்விலும் ஒன்றுதான். விலகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. ஆனால் இரண்டை வேறுபடுத்திப் பாருங்கள். ஆய்விலிருந்து விலகுவது வேறு. சிகிச்சையை நிறுத்துவது வேறு. ஆய்வு வேண்டாம் என்றாலும் சிகிச்சை வேண்டும்.

இன்னோர் எச்சரிக்கை. ஆய்வில் சேர்க்கிறோம், புது மருந்து தருகிறோம், இத்தனை ஆயிரம் வெள்ளி கட்டுங்கள் என்று யாராவது வந்து சொன்னால் ஐயப்படுங்கள். முறையான ஆய்வில், ஆய்வுக்குரிய மருந்தைப் பொதுவாக இலவசமாகவே தருவார்கள். எந்தக் குழு அனுமதி கொடுத்தது, எங்கே பதிவானது என்று கேளுங்கள். நேர்மையானவர் காட்டுவார்.

பாட்டிக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னார்கள். பாட்டி கேட்டார்: "மருந்தைக் குறைக்கிறதுக்கா இவ்வளவு எண்ணிப் பார்க்கிறார்கள்? அப்படியானால் சரி, போடு கையெழுத்து. நான் தண்ணீர்மலை முருகனுக்கு வேண்டிக்கொள்கிறேன். பிள்ளை நல்லபடியாக வந்தால் மொட்டை போட்டுப் பால்குடம் எடுக்கிறோம்."

இங்கேதான் பக்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம்மவர்கள் தண்ணீர்மலையில் வேண்டிக்கொள்வார்கள். நாகூர் தர்காவில் வேண்டிக்கொள்வார்கள். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அந்த நம்பிக்கையைக் கைவிடச் சொல்லி எந்த நல்ல மருத்துவரும் கேட்கமாட்டார். ஊசிக்குப் பயந்த பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, கந்தனை நினைத்துக்கொள் என்று அம்மா சொல்லும்போது பிள்ளைக்கு வரும் தைரியம் சிறியதன்று. ஆனால் வேண்டுதல் மருந்தின் இடத்தில் வந்து உட்காரக் கூடாது. இரத்த அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில், தைப்பூசக் கூட்டத்துக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. காய்ச்சாத பால், நாட்டு மருந்து, வேர், கஷாயம் எதுவும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. நேர்த்திக்கடனைச் சிகிச்சை முடிந்தபின் செலுத்தலாம். தெய்வம் காத்திருக்கும், காய்ச்சல் காத்திருக்காது. மருந்து ஏறும் காலத்தில் 38 டிகிரிக்குக் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல் மாதத்திலேயே பிள்ளையின் முடி கொட்டிவிட்டது. பாட்டி பார்க்க வந்தபோது அழுதார். பிள்ளைதான் தேற்றினாள்: "மொட்டை போடுவதாக நீங்கள்தானே வேண்டிக்கொண்டீர்கள், பாட்டி? சாமி முன்கூட்டியே எடுத்துக்கொண்டார்."

33ஆம் நாள் எண்ணிக்கை நல்லபடியாக வந்தது. 12ஆம் வாரமும் நல்லபடியாக வந்தது. மருந்து குறைந்த பிரிவில் சேர்த்தார்கள். அடுத்த கட்டிலில் இருந்த பிள்ளைக்கு எண்ணிக்கை அப்படி வரவில்லை. அவளுக்கு மருந்து கூடியது. இரண்டு தாய்மாரும் ஒரே அடுப்பங்கரையில் கஞ்சி காய்ச்சினார்கள். ஒருத்தி தன் மகிழ்ச்சியை மறைத்துக்கொண்டாள். மற்றவள் தன் துக்கத்தை மறைத்துக்கொண்டாள்.

உண்மையான சோதனை ஆறாம் மாதத்தில் வந்தது. பிள்ளை தேறிவிட்டாள். முடி முளைக்கத் தொடங்கிவிட்டது, ஓடி விளையாடுகிறாள். கையில் பணம் இல்லை. அப்பாவுக்கு விடுப்பு எடுத்து விடுப்பு எடுத்துச் சம்பளம் பாதியாகிவிட்டது. "பிள்ளைதான் நன்றாக இருக்கிறாளே, இனி எதற்கு அத்தனை தூரம்?" என்று அவர் கேட்டார். அவர் கல்நெஞ்சர் அல்லர். மற்ற பிள்ளைகளுக்கும் சோறு போட வேண்டியவர்.

நேயர்களே, ஏழை நாடுகளில் இந்த நோய்க்குப் பிள்ளைகளைப் பறிகொடுப்பதற்கு ஒரு பெரிய காரணம் இதுதான். மருந்து இல்லாமல் அன்று, பாதியில் நின்றுவிடுவதால். இந்தச் சிகிச்சை ஏறத்தாழ இரண்டு ஆண்டு நடக்கும். பிற்பகுதியில் பெரும்பாலும் வீட்டிலேயே இரவில் மாத்திரை. அமெரிக்காவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வு, நூறு நாளில் ஐந்து நாளுக்கு மேல் அந்த மாத்திரை தவறினால் நோய் திரும்பும் ஆபத்து கூடுகிறது என்று காட்டியது. பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்பது நிறுத்துவதற்குக் காரணமன்று. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

அன்று சித்தி மறுபடியும் எல்லோரையும் கூட்டினாள். "மாமா, நீங்கள் ஒருவரே சுமக்க வேண்டாம். பங்கு போட்டுக்கொள்வோம்" என்றாள். கோலாலம்பூர் போகும் மாதங்களில் ஒருமுறை அம்மா, ஒருமுறை சித்தி. மற்ற பிள்ளைகளுக்குப் பாட்டி சமைப்பார். தாய்மாமன் பேருந்துக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டார். இரவு மாத்திரை கொடுப்பது அப்பாவின் வேலை. கொடுத்ததும் நாள்காட்டியில் ஒரு கோடு போட வேண்டும். மருத்துவமனையில் இருக்கும் மருத்துவ சமூகப் பணியாளரிடம் போய், எங்கள் நிலை இது என்று அம்மா வெட்கப்படாமல் சொன்னார். உதவிக்கு வழி பிறந்தது. இன்றும் அரசாங்க மருத்துவமனைகளில் அப்படிப்பட்ட பணியாளர்கள் இருக்கிறார்கள். 1966இல் தொடங்கப்பட்ட மலேசியத் தேசியப் புற்றுநோய்ச் சங்கம் போன்ற அமைப்புகளும் இருக்கின்றன. கேட்காதவருக்கு அவை இருப்பதே தெரியாது.

இரண்டு ஆண்டு முடிந்தது. அந்த வீட்டுச் சுவரில் இருந்த நாள்காட்டிகளைப் பாட்டி தூக்கி எறியவில்லை. அப்பா போட்ட கோடுகள் அதில் இருந்தன. தைப்பூசம் கழிந்து, கூட்டம் குறைந்த ஒரு நாளில், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, குடும்பத்தோடு தண்ணீர்மலை ஏறினார்கள். பாட்டி பால்குடம் எடுத்தார். பிள்ளை, தனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்காகவும் ஒரு விளக்கு ஏற்றினாள்.

அந்த 556 பிள்ளைகளில் ஒவ்வொருவருக்குப் பின்னாலும் இப்படி ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் கொடுத்த சம்மதத்தால் கிடைத்த அறிவு, அவர்களுக்குப் பின்னால் வந்த பிள்ளைகளுக்குப் பயன்பட்டது. மா-ஸ்போர் 2010 என்ற அடுத்த ஆய்வும் அந்த அறிவின்மேல்தான் எழும்பியது.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டுக்கு இப்படி ஒரு சொல் வந்தால் பயந்து ஓடவும் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டவும் வேண்டாம். கையெழுத்துக்கு முன்னே கேள்வி கேளுங்கள். கையெழுத்துக்குப் பின்னே கடைசி நாள் வரை கைவிடாதீர்கள். கேட்பதற்கு ஒரு நோட்டுப் போதும். கைவிடாமல் இருப்பதற்கு ஒரு குடும்பமே வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு மனம் தளராதிருக்க அவரவர் தெய்வம் துணையிருக்கட்டும்.